தாய்மாமன் வீட்டுக்குப் போன வீடியோக் கொப்பி

எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெடியன் ஒருவன் போன மாதம் என்னைத் தேடி வந்தான். இப்போதெல்லாம் அங்கத்துவ அட்டையைத் தொழிலாளர்கள் கைத்தொலைபேசியிலேயே நிரப்பிவிடுகிறார்களாம். விரலால் ஒரு கீறுக் கீறினால் கையெழுத்து முடிந்தது. "சீரியஸா அங்கிள், செல்போனும் இல்லாமல் எப்பிடி ஓர்கனைஸ் பண்ணினீங்கள்?" என்று கேட்டான். கால் இருந்தது, வாய் இருந்தது, கோபத்துக்கும் குறைவிருக்கவில்லை என்றேன். சிரித்தான். பிறகு, உங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்த கேஸ் எது என்று கேட்டான். அதை ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறையில் நாலு பேரோடு நெருக்கியடித்து இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு தொழிற்சாலை. அங்கே சங்கம் வந்தபோது முன்னால் நின்று கத்திய இரண்டு பேரில் நான் ஒருவன். ரொறன்ரோத் தொழிற்சாலைகளில் தமிழர் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று சங்கம் என்னை முழுநேர அமைப்பாளராக எடுத்தது. தமிழ் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள். தமிழரைத் தெரியும் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

எனக்கு மேலே இருந்தவர் கிளேற்றன். நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர். அமெரிக்கப் புரட்சியின்போது பிரித்தானியப் பக்கம் நின்றால் அடிமைத்தனம் நீங்கும் என்ற வாக்கை நம்பிக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர். தகப்பன் ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்த தொழிலாளி. கிளேற்றன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் உயர்த்துவேன். உயர்த்தி முடியும்வரை தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருப்பார், பிறகு ஒரு சுளையை என்னிடம் நீட்டுவார். அந்தச் சுளையை வாங்கிய பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது?

வேலையை அவர் கற்றுத்தந்த முறை இப்படி. ஒரு தொழிலாளியின் கதவைத் தட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும், கதவுக் கண்ணாடியால் பார்ப்பவருக்கு உன் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். உள்ளே கூப்பிட்டால் சப்பாத்தைக் கழற்று, தேத்தண்ணி தந்தால் குடி. முதல் சந்திப்பில் அட்டையை வெளியே எடுக்கவே கூடாது. எதற்காகச் சங்கம் வேண்டும் என்று அவர் தன் வாயாலே சொல்ல வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனா. "பயத்தைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டவர், பயம் வருகிற அன்று கையெழுத்தை மறுப்பார்" என்பார்.

இனி அந்தத் தொழிற்சாலை. ஸ்காபரோவில் கார்களுக்கான பிளாஸ்ரிக் பாகங்கள் செய்கிற இடம். உருக்கி வார்க்கும் இயந்திரங்களோடு ஜமேக்கர்களும் கயானாக்காரரும் நின்றார்கள். அங்கே சூடும் நாற்றமும் தாங்க முடியாது. யன்னல் பக்கமாகப் பாகங்களைப் பார்த்துப் பெட்டியில் அடுக்குகிற நீண்ட மேசைகள் எங்கள் பெண்களுக்கு. சம்பளம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மோசமான சம்பளம். ஆனால் மேசை கிடைத்ததில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை. "எங்களை நல்ல வேலைக்காரர் எண்டு வெள்ளைக்காரனுக்குத் தெரியும்" என்று என்னிடமே சொன்னார்கள். அந்தப் பெருமையைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேசைப் பகுதியின் மேற்பார்வையாளர் குலசிங்கம். எல்லோருக்கும் குலம் அண்ணை. பெண்களில் பாதிப் பேரை அவர்தான் வேலைக்குச் சேர்த்தவர். பொல்லாத மனிதர் என்று சொன்னால் பொய். விமான நிலையத்தில் போய் ஆட்களை ஏற்றியவர், பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர். அதனாலேயே அவரை எதிர்த்து எவரும் மூச்சு விடமாட்டார்கள். அவருடைய சொந்தத் தங்கை பவானியும் அதே மேசையில் நின்றாள். புருசன் இல்லை, ஒரே மகள். மேசையில் முடிந்த பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவள் வேர்ணா என்ற ஜமேக்கப் பெண். சங்கம் வேண்டும் என்று எங்களை முதலில் தொலைபேசியில் அழைத்தது வேர்ணாதான். இரண்டாவது ஆள், நம்புவீர்களோ தெரியாது, பவானி. மேசையில் ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கியபோது அண்ணன் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த நாளே வேறு ஆளை எடுத்தார். அதைப் பவானியால் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரம் சட்டம் மாறியிருந்தது. ஒரு தொழிற்சாலையில் சங்கம் வர அட்டைகள் மட்டும் போதாது, அட்டைகளை அரசாங்கத்தின் தொழிலுறவுச் சபையில் கொடுத்த பிறகு தொழிலாளர்களிடையே வாக்கெடுப்பும் நடக்கும். அதுவரை யார் கையெழுத்துப் போட்டது என்று கம்பனிக்குத் தெரியவே கூடாது. எங்கள் பெண்கள் தமிழர் எவரிடமும் அட்டையைக் கொடுக்க மறுத்தார்கள். என்னிடமும்தான். "அண்ணை, நீங்கள் நல்லவர். ஆனா உங்கடை மனிசி கோயிலிலை ஆரோடை கதைப்பா எண்டு எங்களுக்குத் தெரியுமோ?" என்று தவமணி என்பவள் முகத்துக்கு நேரே கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். அட்டைகளை வேர்ணா வாங்கட்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது, வேலைக்கு வெளியே எங்கள் ஆட்களுடன் பழக்கம் இல்லை, ஒரு சொல் வெளியே போகாது.

எங்கே வைத்துக் கையெழுத்துப் போடுவது? அதற்கும் பவானியிடம் பதில் இருந்தது. மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளுடைய சாமத்தியச் சடங்கு ஒரு மண்டபத்தில் நடக்கப் போகிறது. வேர்ணாவும் விருந்தாளி. அண்ணன்தான் தாய்மாமன், பிள்ளையின் தலையில் பால் அறுகு வைப்பதிலிருந்து படம் எடுப்பதுவரை மேடையை விட்டு இறங்க நேரமிராது. ஆராத்தித் தட்டுகள் அடுக்குகிற பின்னறைக்கு ஆண்கள் வரமாட்டார்கள். கிளேற்றனுக்கு நான் இதை விளங்கப்படுத்தியபோது தோடம்பழம் உரிப்பதை நிறுத்தினார். "அந்தப் பெண்கள் பாதுகாப்பு என்று நினைக்கிற இடம்தான் பாதுகாப்பான இடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்குள் போகவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன். உள்ளே நாதஸ்வரம் கேட்டது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கக் கதவு திறந்து, பட்டு வேட்டிக்கு மேலே குளிர் கோட்டுப் போட்டபடி குலசிங்கம் சிகரெட்டோடு வெளியே வந்தார். நேரே என் காரடிக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். நான் சங்கத்து ஆள் என்று அவருக்குத் தெரியாது.

"தம்பி, ஏன் குளிருக்கை இருக்கிறீர்? சாப்பிட்டனீரோ?"

"ஓம் அண்ணை, சாப்பிட்டிட்டன். ஒராளை ஏத்த வந்தனான்."

"அதுக்கு உள்ளை வந்து இருக்கலாமெல்லோ. எங்கடை வீட்டு விசேசத்திலை ஒருத்தரும் வெளியிலை நிக்கக் கூடாது."

வரும்படி இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் மறுத்தேன். அவர் போன பிறகு வேர்ணா வந்தாள். யாரோ கட்டிவிட்ட ஊதாச் சேலை, தலையில் மல்லிகைச் சரம். கைப்பை நிறைய அட்டைகள். "எல்லோரிடமும் ஏன், ஏன் என்று கேட்டேன். தமிழில் என்னமோ சொன்னார்கள். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்" என்றாள். அன்று வீடு திரும்பும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன், எனக்குப் பாட வராது.

எங்கள் எல்லோருக்கும் ஒன்று மறந்துபோனது. மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் விசேடங்களில் வீடியோக்காரர் வீட்டு மின்விசிறி மாதிரி, அவர் நிற்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு எங்கும் போவார், பின்னறைக்கும் போவார். தட்டு, பலகாரம், பெண்கள் தலைவாருவது எல்லாவற்றையும் எடுப்பார். வேர்ணாவுக்காவது அது புதினமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்காததால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

சில கிழமைகள் கழித்து, இயந்திரப் பக்கத்து அட்டைகளும் சேர்ந்து விண்ணப்பம் போடுகிற நிலைக்கு நாங்கள் வந்திருந்த நேரம், பவானி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணை, சடங்கு வீடியோ வந்திட்டுது. பின்னறை முழுக்க இருக்கு. வேர்ணா அட்டை குடுக்கிறது, நாங்கள் குனிஞ்சு எழுதுறது, எல்லாம்."

"ஆர் பார்த்தது? எத்தினை கொப்பி?"

"ரெண்டு. மற்றது தாய்மாமன் வீட்டுக்கு. நேற்றே குடுத்திட்டினம்."

எந்த வீட்டிலும் அந்தக் கொப்பியை முதல் நாளே குடும்பமாக இருந்து பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை வேலை தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகுமுன் வேர்ணாவைக் காவலாளி வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டான். சக தொழிலாளர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாளாம். அவள் ஒருத்தியைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீடியோவில் குனிந்திருந்த எங்கள் பெண்களில் ஒருவரையும் தொடவில்லை.

நாங்கள் தொழிலுறவுச் சபையில் முறைப்பாடு போட்டோம். அந்தக் கிழமையே ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் தவமணியின் அடுக்குமாடி வீட்டில் பெண்களைக் கூட்டினோம். கிளேற்றன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவின் ஓரத்தில் இருந்தார். நான் மொழிபெயர்ப்பு. முதலில் அவர் கேட்டது, "வேர்ணா எங்கே?"

"அவ இருந்தா நாங்கள் எப்பிடிக் கதைக்கிறது?" என்றாள் தவமணி.

பிறகு மெதுமெதுவாக விசயம் வெளியே வந்தது. குலசிங்கம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சத்தம் போடவில்லை, கதிரை கொடுத்து இருக்கச் சொன்னாராம். "நீங்கள் எங்கடை பிள்ளையள், உங்களுக்கு ஒண்டும் வராது. உந்தக் காப்பிலிச்சி வெருட்டித்தான் எழுதினனாங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதோடை முடிஞ்சுது."

நான் மொழிபெயர்த்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லில் நின்றேன். கறுப்பினத்தவரை எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் இளக்காரமாகச் சொல்கிற சொல். என் வீட்டிலும் சொல்லக் கேட்டு வளர்ந்த சொல். கிளேற்றன் என்னைப் பார்த்தார். "எல்லாவற்றையும் சொல்" என்றார். சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சொல்லின் வேறு வடிவங்களை அவர் பிறந்த நாள் தொட்டுக் கேட்டவர்.

"அவவுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை" என்றாள் ஒருத்தி. "அவ இங்கிலிஷ் பேசுவா, சமாளிப்பா" என்றாள் இன்னொருத்தி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவவை அட்டை வாங்கச் சொன்னது ஆர்? நீங்கள்தானே?" என்று கத்திவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கிளேற்றன் என் கையில் தட்டிவிட்டு, ஒரு கதை சொல்கிறேன், ஒன்றையும் விடாமல் சொல் என்றார்.

அமெரிக்கா என்ற நாடு பிறக்க முந்திய காலம். வெர்ஜீனியாவில் ஒரு தோட்டக்காரனிடமிருந்து மூன்று வேலையாட்கள் சேர்ந்து தப்பி ஓடினார்கள். இரண்டு பேர் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர், ஒருவர் கறுப்பர். ஒன்றாக வேலை செய்தவர்கள், ஒன்றாகத் திட்டம் போட்டவர்கள், ஒன்றாகப் பிடிபட்டார்கள். நீதிமன்றம் மூன்று பேருக்கும் கசையடி கொடுத்தது. பிறகு வெள்ளையர் இருவருக்கும் இன்னும் சில வருட வேலை என்று தீர்ப்பு. கறுப்பருக்குச் சாகும்வரை வேலை. "ஒரே குற்றம்தான். தண்டனையைப் பிரித்ததால் ஆட்களையும் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் சேர்ந்து ஓடுவது அருமையாகிப் போனது. என் ஆட்கள் அங்கிருந்து வந்தவர்கள், அதனால் எனக்கு இது தெரியும்" என்றார்.

மூலையில் நின்ற பவானி கேட்டாள்.

"மற்ற ரெண்டு பேரும் என்ன சொன்னவையாம்?"

மொழிபெயர்த்தேன். கிளேற்றன் தலையை ஆட்டினார். "தெரியாது. அவர்கள் பேசியதாக எங்கும் எழுத்தில் இல்லை."

பவானி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். அன்று எவரும் ஒரு முடிவும் சொல்லாமல் கலைந்தார்கள்.

அடுத்த கிழமைகள் எனக்கு நித்திரை இல்லாத கிழமைகள். பவானி என் அழைப்பை எடுக்கவில்லை. தவமணி கடையில் என்னைக் கண்டு வேறு பக்கம் திரும்பினாள். விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால் கம்பனியின் சாட்சிகள் யார் என்று தெரியவந்தது. முதல் பெயரே பவானி. "முடிஞ்சுது" என்று கிளேற்றனிடம் தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கிற்று.

விசாரணை நகர மையத்தில். பவானி அண்ணனின் காரில் வந்து இறங்கினாள். குலசிங்கம் என்னைக் கண்டதும் நின்றார். சடங்கன்று தரிப்பிடத்தில் தான் சாப்பிட்டீரோ என்று விசாரித்த ஆள் நான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பார்வை என்னை எரித்தது. உள்ளே வேர்ணா எங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பவானி அவளைப் பார்க்கவே இல்லை.

கம்பனி வழக்கறிஞர் வீடியோவைப் போட்டார். சபையின் விசாரணை அதிகாரி, வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். வீடியோக்காரர் எல்லாவற்றுக்கும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார், ஒருவர் பேசுவதும் கேட்கவில்லை. இதய வடிவத்துக்குள் வேர்ணா அட்டையை நீட்டினாள், பூக்கள் சொரிய எங்கள் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வழக்கறிஞர் படத்தை நிறுத்தினார். சபை ஒழுங்கு செய்த மொழிபெயர்ப்பாளர் பவானிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அட்டையை உங்களுக்குத் தந்தது யார்?"

"வேர்ணா."

"அந்த நேரம் உங்களுக்குப் பயமாக இருந்ததா?"

"ஓம். சரியான பயம்."

வழக்கறிஞர் போதும் என்று இருக்கப் போனார். என் பக்கத்தில் வேர்ணாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்போது அந்த அதிகாரி பேனாவைத் தூக்கி, தானே ஒரு கேள்வி கேட்டார். யாருக்குப் பயந்தீர்கள்?

பவானி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அண்ணன் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடை அண்ணாவுக்குத்தான் பயந்தனாங்கள்" என்றாள். "வேர்ணா எங்களை வெருட்டேல்லை. நாங்கள்தான் அவவைக் கேட்டனாங்கள். அவவுக்குத் தமிழ் தெரியாது, வெளியிலை கதை போகாது எண்டு நாங்கள்தான் அவவின்ரை தலையிலை கட்டினது. கையெழுத்து நான் போட்டதுதான். எல்லாரும் ஒரே வேலைதான் செய்தனாங்கள். அவவை மட்டும் நிப்பாட்டினவை. என்னையும் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி அவவைத் திருப்பி எடுங்கோ."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை பின்னால் இருந்த குலசிங்கம் காத்திருக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கிளேற்றன் கண்ணை மூடிக்கொண்டார்.

வேர்ணாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி பிறகு உத்தரவு வந்தது. வாக்கெடுப்பில் வென்றோம். குலசிங்கம் வேறு கம்பனிக்குப் போனார், தங்கையோடு பேச்சில்லை. இளையவர்கள் கேட்பது இந்தப் பகுதியைத்தான். எனக்கு மறக்க முடியாமல் கிடப்பது பவானி சாட்சி சொன்ன அன்று பின்னேரம் வெளியே தாழ்வாரத்தில் நடந்தது.

பவானி கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு லிப்டடியில் நின்றாள். அண்ணனின் கார் போய்விட்டது. "அண்ணை, நான் செய்தது சரிதானே?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் வேர்ணா வந்து, இவள் என்ன கேட்கிறாள் என்றாள். சொன்னேன்.

வேர்ணா சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். "இத்தனை கிழமையும் என் பிள்ளைகள் என்னைப் பார்த்து, அம்மா நீ யாரை மிரட்டினாய் என்று கேட்டார்கள். அதையும் அவளுக்குச் சொல்."

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. இன்றைக்கே இந்தப் பெண் கூடப்பிறந்தவனை இழந்துவிட்டு நிற்கிறாள். ஆனால் பவானி என் முகத்தையே பார்த்தாள். "மறைக்காமல் சொல்லுங்கோ அண்ணை." சொன்னேன்.

அவள் அழவில்லை. "ஓம், அவ சொல்லுறது நியாயம்" என்றாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, "விசாரணை நாளைக்கும் இருக்கெல்லோ? தவமணியையும் மற்றவையையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள். வருவார்கள் என்று நான் நம்பவில்லை. வேர்ணாவும் நம்பவில்லை, தோளைக் குலுக்கிவிட்டு லிப்டுக்குள் ஏறினாள்.

மறுநாள் காலை நான் போனபோது அந்தத் தாழ்வாரத்து நீண்ட மர வாங்கில் உட்கார இடமில்லை. பவானி, தவமணி, அகதிக் கேஸ் முடியாதவள், எல்லோரும் குளிர் கோட்டோடு நெருக்கமாக இருந்தார்கள். வேலைக்குப் போகவில்லை, சுரங்க ரயிலில் சேர்ந்து வந்திருந்தார்கள். பிந்தி வந்த ஒருத்தி இருக்க இடமில்லாமல் சுவரோடு நின்றாள். வாங்கின் கடைசியில் இருந்த வேர்ணா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பவானியின் பக்கமாக ஒதுங்கி, இடம் விட்டாள்.